‘த’ பக்கத்து அளவுகள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி குறைந்ததா? நாள் முழுக்க சைக்கிளுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு நின்றால் கழுத்துதான் என்ன செய்யும், பாவம்.

ஏன் கடிதம் என்று நீ கேட்க மாட்டாய். போனில் பேசினால் பத்தாவது நிமிடம் இருவரும் கத்துவோம், பதினோராவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசி வரை படி.

எனக்கு ஒரு சைக்கிள் வேண்டும். இப்போது ஓட்டுகிற பழைய இரும்பு இல்லை. ஏரோ சைக்கிள், காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே, அந்த ரகம். ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆமாம், அதே பந்தயம்தான். சின்னண்ணன் இறக்கத்தில் விழுந்து செத்துப்போன அதே பாதைதான்.

மூன்று வருஷமாக அந்த மலை வழியாகப் போகிற பஸ்ஸில்கூட நான் ஏறவில்லை. துணியை வெட்ட உட்கார்ந்தால் ஏழாவது வளைவு ஞாபகம் வருகிறது, கத்தரி கோணிப்போகிறது. ஒரு முறை அதில் இறங்கி, மறுபக்கம் உயிரோடு போய் நின்றுவிட்டால் இந்தப் பாரம் இறங்கும் என்று தோன்றுகிறது. நாம் மூன்று பேர் பிறந்தோம், இப்போது மிச்சம் நீயும் நானும். நீ சைக்கிள் கடை வைத்திருப்பவன். வேறு யார் கைபட்ட சைக்கிளிலும் நான் அந்த மலையில் இறங்க மாட்டேன்.

எதை வாங்கலாம், எப்படிப் பொருத்தலாம், எல்லாம் உன் பொறுப்பு. பதில் போடு. அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். கழுத்து இருக்கிற இடத்தில் இருக்கிறது. கடையில் வேலை குவிந்துவிட்டது, அதனால் பதில் போட நாளாகிவிட்டது.

ஏரோ சைக்கிள் பார்க்க அழகுதான். குழாய்கள் உருண்டையாக இருக்காது, முன்னே மழுங்கி பின்னே ஒடுங்கியிருக்கும். சீட்டைத் தாங்கும் கம்பிகூடப் பட்டையாக இருக்கும். பிரேக் குழாய், கியர் கம்பி ஒன்றும் வெளியே தெரியாது. எல்லாம் ஹேண்டில்பாருக்குள் நுழைந்து, கழுத்து வழியாக இறங்கி, ஃப்ரேமுக்குள் போய்விடும். எனக்குப் பிடிக்காததும் அதுதான். ஹேண்டில்பாரை முன்சக்கரத்தின் ஃபோர்க்கோடு சேர்ப்பதற்கு உள்ளே ஒரு கார்பன் குழாய் இருக்கிறது. ஓட்டுகிறவரின் உயிர் அதில்தான் நிற்கிறது. அதில் மயிரிழை விரிசல் விட்டாலும், மொத்தத்தையும் பிரித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதுவரை சைக்கிள் வெளியே பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

இன்னொன்று. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் விடாமல் மிதிக்கிறவர்களுக்குத்தான் அந்த வடிவத்தால் பலன். மலை ஏறுவதற்கு எடை குறைந்த சாதாரண ரேஸ் சைக்கிள் போதும். எல்லாம் வெளியே தெரியும், நானும் நிம்மதியாக இருப்பேன். யோசி.

எதுவானாலும் உன் அளவு வேண்டும். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்து. புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்து எழுது. உயரம், கை நீளம், தோள் அகலமும் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அண்ணியும் நீயும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி.

ஒரு பக்கம் முழுக்கக் குழாயைப் பற்றி எழுதியிருக்கிறாய். சின்னண்ணனைப் பற்றி நான் எழுதிய வரிகளுக்கு ஒரு வார்த்தை இல்லை. காரியம் முடிந்த நாளிலிருந்து நீ இப்படித்தான். அவன் பேச்சை எடுத்தால் உனக்கு உடனே கடைக்கு நேரமாகிவிடும்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். பந்தயப் பாதையில் முதல் இருபத்தெட்டு கிலோமீட்டர் சமதரை, அதுவும் எதிர்காற்று. நான் இப்போதே முப்பத்தொன்றில் போகிறேன். ஆகவே ஏரோதான். சாக்குப்போக்கு சொல்லாதே.

அளவுகள்: உயரம் நூற்று அறுபத்து மூன்று. உள்கால் எழுபத்து நாலரை. தோள் முப்பத்தேழு. கை ஐம்பத்து நான்கு. எல்லாம் சென்டிமீட்டர். இரண்டு தடவை அளந்தேன். நான் ஆளை அளந்து வயிற்றைக் கழுவுகிறவள், என் டேப்பைச் சந்தேகப்படாதே.

அன்புடன்
தங்கை

*

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜெயித்துவிட்டாய். மூன்று ஃப்ரேம்களை வரவழைத்துப் பார்த்தேன். ஒன்று காற்றுக்கு நல்லது, ஆனால் கட்டை மாதிரி, ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் உன் முதுகெலும்புக்குச் சொல்லிவிடும். இன்னொன்றின் சீட் கம்பி அதற்கென்றே செய்தது, உடைந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மூன்றாவதை எடுத்தேன். டிஸ்க் பிரேக். டயர் இருபத்தெட்டு மில்லிமீட்டர். கடையில் எல்லோரும் ஐம்பது மில்லிமீட்டர் உயர ரிம்தான் வேண்டும் என்பார்கள். உனக்கு நாற்பது போட்டிருக்கிறேன். வளைவில் பக்கக்காற்று அடித்தால் உயரமான ரிம் உன்னைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிடும்.

ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு சேர்க்கும் அந்த உள்குழாயை நானே வெட்டி, நானே பொருத்தினேன். எல்லா போல்ட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டுகிற சாவியில்தான் முறுக்கினேன், மூன்று முறை சரிபார்த்தேன். கடையில் சிரித்தார்கள். சீட் கம்பியை நீ நகர்த்தாமல் இருக்க அதில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது முன்பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே இறங்கிவிடு. உருட்டிக்கொண்டு போ. ‘ஒண்ணுமில்ல, ஓட்டு’ என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் நம்பாதே. நானே சொன்னாலும் நம்பாதே.

லாரியில் ஏற்றிவிட்டேன். பத்து நாளில் வரும்.

அண்ணன்

*

மார்ச் 30

என் அருமை அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகம்தானே? நான் சுகத்துக்கு மேலே ஏதோ ஒன்றாக இருக்கிறேன்.

சைக்கிள் வந்தது. பெட்டியைத் தையல் மேஜைமேல் வைத்துப் பிரித்தேன். கறுப்பு. பார்த்ததும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. ‘அண்ணாவுக்குத் தெரியாததா’ என்று ஏறி உட்கார்ந்தேன். அண்ணா, எனக்கென்று வெட்டித் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. கை நீட்டினால் ஹேண்டில்பார், கால் நீட்டினால் பெடல். சமதரையில் முப்பத்தேழில் போனேன், மூச்சு வாங்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரு வேடிக்கை. கீழ் வீட்டு நர்ஸம்மா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, “இடது முட்டிய ஏம்மா அப்படி வெளியில தள்ளி மிதிக்கிற? விழுந்துடப்போற” என்றார். நான் அப்படி மிதிப்பதே இல்லை. யார் அப்படி மிதிப்பான் என்று உனக்குத் தெரியும்.

முன்பக்கம் சத்தம் எதுவும் இல்லை. நீ ஏன் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறாய்?

நிறைந்த அன்புடன்
தங்கை

*

ஏப்ரல் 4

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கடிதம் கிடைத்ததும் சைக்கிளில் ஏறாதே. பெட்டியில் போட்டு வை.

‘பெரிதாகத் தெரிந்தது’ என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். வாடிக்கைக்காரர்களுக்குப் பெயர் எழுதுவேன். வீட்டு மனிதர்களுக்கு ஓர் எழுத்துதான் போடுவது வழக்கம். அண்ணிக்கு ‘ம’, மனைவி என்று. உன் கடிதத்தைப் பார்த்து உன் அளவை எழுதி மேலே ‘த’ போட்டேன், தங்கை என்று. அதற்கு நாலு பக்கம் முன்னால் இன்னொரு ‘த’ இருக்கிறது. தம்பி. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. வேலை செய்யும்போது நோட்டு அந்தப் பக்கத்தில் திறந்திருந்திருக்கிறது.

உன் கையில் இருப்பது அவன் அளவு. உனக்கு நாற்பத்தொன்பது ஃப்ரேம் வேண்டும், வந்திருப்பது ஐம்பத்து நான்கு. உன் சீட் உயரம் அறுபத்தாறுக்குள் இருக்க வேண்டும், நான் வைத்திருப்பது எழுபத்து மூன்று. கையால் தொட்டுப் பொருத்தியும் எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. அந்த அளவு என் கைக்குப் பழகியது.

அதில் உன் கால் பெடலின் அடிப்புள்ளியைத் தொடாது. தொடவே முடியாது. நீ எப்படி ஓட்டினாய்?

அண்ணன்

*

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் பதற்றப்படாமல் தண்ணீர் குடி. நான் நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அண்ணாவுக்கு வயதாகிவிட்டது, நோட்டைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு, எதற்கும் பார்ப்போம் என்று அதே சுவரில், அதே புத்தகத்தோடு நின்றேன். பிப்ரவரியில் போட்ட பென்சில் கோடு எழுபத்து நாலரையில் இருக்கிறது. புதுக் கோடு அதற்குமேல் நாலு விரல் அகலம் தள்ளி விழுந்தது. எண்பத்து மூன்று.

டேப்பை மாற்றினேன். எண்பத்து மூன்று. நர்ஸம்மாவைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. “எண்பத்தி மூணு, நல்ல கால்தான் உனக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் என் பழைய சுடிதார்கள் எல்லாம் அப்படியே பொருந்துகின்றன, அண்ணா. கண்ணாடியில் நான் நானாகத்தான் இருக்கிறேன். சுவரில் நின்றால்தான் இப்படி. சீட்டில் உட்கார்ந்தால்தான் இப்படி.

உன் நோட்டில் அவன் உள்கால் எவ்வளவு என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டாம். நான் அவனுக்குப் பத்து வருஷம் பேன்ட் தைத்தவள்.

பயமாக இல்லையா என்று கேட்பாய். முதல் நாள் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். விளக்கைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தேன். இப்போது பயமில்லை. அவன் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று தோன்றுகிறது. என்னிடம் கேட்பதாகத் தெரியவில்லை. நான் மிதித்துக்கொண்டே இருக்கிறேன், அவன் பேசாமல் வருகிறான்.

ஜூனில் மலையில் இறங்குகிறேன். இந்தச் சைக்கிளில்தான். நீ ஆசீர்வாதம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, தடுக்காதே.

அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது?

தங்கை

*

மே 6

அன்புத் தங்கைக்கு,

நலமா? நலமாக இரு, உன்னை வேறெதுவும் கேட்கவில்லை.

நீ எழுதியதை அண்ணியிடம் காட்டவில்லை. படிக்கும்போது கடை வாசல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். என்னால் அதை நம்பவும் முடியவில்லை, கிழித்துப்போடவும் முடியவில்லை.

போகாதே. ஒரு மெக்கானிக்காகச் சொல்கிறேன், தப்பான அளவில் யாரும் மலையில் இறங்கக் கூடாது. மெக்கானிக் சொல்லைக் கேட்க மாட்டாய் என்றால் அண்ணனாகச் சொல்கிறேன். ஒருவனை நான் அந்த ரோட்டிலிருந்து தூக்கி வந்தேன். இரண்டாவது முறை தூக்க என் கையில் பலம் இல்லை. சைக்கிளைத் திருப்பி அனுப்பு. உன் அளவில் வேறொன்று செய்து தருகிறேன், அடுத்த வருஷம் ஓட்டு. இரண்டு நாளில் போனும் பண்ணுவேன், சண்டை வந்தால் வரட்டும்.

அண்ணன்

*

ஜூன் 14

அண்ணே,

நல்லா இருக்கியா? கழுத்து எப்படி? அண்ணி இன்னும் சர்க்கரை குறைச்சுதான் டீ போடறாங்களா?

இறங்கியாச்சு. சமதரை முழுக்க எதிர்காற்று, முதுகை மடக்கிப் படுத்துக்கொண்டு மிதித்தேன். ஏற்றம் முழுக்க எழுந்து நின்று மிதித்தேன். முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நீ பூட்டினது அப்படியே இருந்தது. இறக்கத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வளைவு, ஆறாவது வளைவு. ஏழாவதில் ஹேண்டில்பார் கையில் கெட்டியாக நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியுமா? ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு டீக்கடை, நாலு ஆடு. இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது.

உன்மேல் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பந்தயத்துக்கு முந்தின நாள் உன் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினேனே. எலும்பு நெரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததே. நீ ‘ஒண்ணுமில்ல, ஓட்டு’ என்றாய்.

அந்தச் சத்தம் உனக்குக் கேட்டதா, அண்ணே? இதற்கு மட்டும் பதில் போடு.

*

ஜூன் 22

தங்கைக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். இரண்டாவது வரியைப் படித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேயில் பத்துத் தடவையாவது போன் செய்தேன், மணி அடித்ததே தவிர நீ எடுக்கவில்லை. ஜூன் முதல் வாரம் பேப்பர் வாங்கவே பயந்தேன். கடவுள் காப்பாற்றினார்.

ஆனால் இப்படியா கேட்பாய்? ‘அண்ணே’ என்று தொடங்கி, அவனே கேட்பது போல எழுதி, கையெழுத்தையும் அவனுடையது போல இடது பக்கம் சாய்த்து. நீ எனக்கு எழுதுகிற அதே தையல் கடை பில் தாளின் பின்பக்கம். உனக்கு இந்தக் குரூரம் எங்கிருந்து வந்தது? அன்றைக்குக் கடையில் நானும் அவனும்தான் இருந்தோம். வீட்டுக்குப் போய் உன்னிடம் போனில் சொல்லியிருப்பான் போல. மூன்று வருஷம் நீ அதை மனதில் வைத்துக்கொண்டு என் கையாலேயே ஒரு சைக்கிள் செய்ய வைத்திருக்கிறாய். சரி. நான் அதற்குத் தகுதியானவன்தான். சொல்லிவிடுகிறேன்.

அவன் கடைசியாக ஓட்டிய அந்த ஏரோ சைக்கிளை என்னிடம் வாங்கவில்லை. கடைத்தெருவில் கண்ணாடி போட்ட பெரிய கடையில் வாங்கினான். கூடப் பிறந்த அண்ணன் கடை வைத்திருக்க, வேறு இடத்தில் வாங்கினான் என்று ஊரே என்னைக் கேட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை வந்தான். “முன்னாடி ஏதோ நெரியுதுண்ணே, ஒரு தடவை பிரிச்சுப் பாரேன்” என்றான். பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். “வாங்கின இடத்துல போய்க் கேளு” என்றேன். “அவங்க கடை மூடிட்டாங்க” என்றான். நான் தலையைத் தூக்கவில்லை. வேறொரு சைக்கிளின் செயினைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல, ஓட்டு” என்றேன். அவன் என் வார்த்தையை நம்பினான். சின்ன வயதிலிருந்து நம்பித்தானே பழக்கம்.

மறுநாள் உடைந்த பாகங்களைப் போலீஸ் என்னிடம்தான் கொடுத்தார்கள். ஈர ரோடு, வேகம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். உள்குழாய் உடைந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். பாதி வட்டம் புதுசாக உடைந்திருந்தது. மீதிப் பாதியில் பழைய அழுக்கு ஏறியிருந்தது. விரிசல் பல நாளாக இருந்திருக்கிறது. பிரித்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். இதை அண்ணியிடம்கூட நான் சொன்னதில்லை.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கோபத்தில் நான் காது கொடுக்கவே இல்லை. என் குற்றம் அதுதான்.

நீ என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூலை 19

அண்ணாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு உடைந்து பத்து வாரம் ஆகிறது. முதலில் போட்ட கட்டு சரியாகச் சேராமல் மறுபடி கட்டியிருக்கிறார்கள். கடையை மூடி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு நான் உனக்கு எழுதவே இல்லை. மே ஒன்பதாம் தேதி காலை சிக்னலில் சைக்கிளை நிறுத்திக் கால் ஊன்றினேன். கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு நொடி முன்பு வரை எட்டிய கால். மரம் மாதிரி அப்படியே சாய்ந்தேன், கையை ஊன்றினேன், போயிற்று. அன்றைக்கு நீ போன் செய்தாய். எடுக்கவில்லை. கை உடைந்த கதையைச் சொன்னால் ‘நல்லதாப் போச்சு’ என்பாய், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பிறகு வெட்கத்தில் எடுக்கவில்லை. பந்தயத்துக்கு நான் போகவே இல்லை, அண்ணா. நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

சைக்கிள் மே மாதத்திலிருந்து கடைக்குள் சுவரில் தொங்குகிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்த் திறந்து பார்த்தேன். இரண்டு டயரிலும் செம்மண். விரலால் தொட்டேன், ஈரமாக இருந்தது. இங்கே மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. கீழே இறக்கி ஏறப் பார்த்தேன். என்னால் அதன்மேல் காலைத் தூக்கிப் போடவே முடியவில்லை. சுவரில் நின்று அளந்தேன். எழுபத்து நாலரை. என்னைக் கீழே தள்ளிவிட்டு அவன் ஏறிப் போய்விட்டான். தள்ளினானோ, இறக்கிவிட்டானோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ கடையில் நடந்ததைச் சொன்னாய். அவன் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. உன் கடிதத்தில்தான் முதல் தடவை தெரிந்துகொண்டேன். மன்னித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. இரண்டு நாள் உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே அழுதேன். மூன்றாம் நாள், மூன்று வருஷமாக நீ அவன் வந்து நின்ற அந்தக் கடை வாசலையே தாண்டித் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறாய் என்று நினைத்தபோது, உனக்காகவும் அழுதேன். இப்போதைக்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது.

அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறதா? என்னிடம் அவன் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. அதை எனக்கு அனுப்பு.

தங்கை

*

ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

உன் கை எலும்பு சீக்கிரம் கூட வேண்டும். அண்ணி இன்று பஸ் ஏறுகிறாள், கட்டுப் பிரிக்கும் வரை உன்னோடு இருப்பாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் பெட்டியை அடுக்கினாள்.

கடிதம் இருக்கிறது. நோட்டில் அவன் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். அண்ணியிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் போடாமல் அதை அனுப்ப மனம் வரவில்லை. உனக்கு எழுதியபோதுகூட நான் முழுசாகச் சொல்லவில்லை. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், நான் அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தேன். அதனால் அவன் எழுதிய தாளின் அடியிலேயே, காலியாக இருந்த இடத்தில், ஒரு வரி எழுதியிருக்கிறேன். அவனுக்கு எழுதியதுதான், நீயும் படிக்கலாம்.

‘கேட்டதுடா, தம்பி. எனக்கும் கேட்டது.’

அண்ணன்